ஈசிஜி நார்மல்... ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது!

நள்ளிரவுக்கு மேல் எந்த ஊர் கேஷுவால்டியில் போய் உட்கார்ந்தாலும் இப்படி ஒரு மனிதரைப் பார்க்கலாம். வயது முப்பது, முப்பத்தைந்து. கைலிக்கு மேல் அவசரத்தில் மாட்டிய சட்டை, பித்தான் மாறிப் போட்டிருக்கும். ஒரு கை நெஞ்சில். பின்னால் மனைவி, பைக் ஓட்டிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர். "ஹார்ட் அட்டாக்குன்னு நெனைக்கிறேன் டாக்டர், கையெல்லாம் மரத்துப்போச்சு." ஈசிஜி எடுப்பார்கள். பிரஷர், சுகர், ரத்தத்தில் ட்ரோபோனின் பார்ப்பார்கள். எல்லாம் நார்மல். "ஒண்ணுமில்லைங்க, கேஸ்தான். கண்டதையும் யோசிக்காம போய்த் தூங்குங்க" என்று ஓர் ஊசியைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். வீடு திரும்பும்போது நிம்மதியாக இருக்கும். சில நாள் கழித்து மறுபடி அதே படபடப்பு. இந்த முறை வேறு ஆஸ்பத்திரி. எக்கோ, டிரெட்மில் டெஸ்ட். கொஞ்ச காலத்தில் பீரோவுக்கு மேல் ஒரு கட்டைப்பை நிறைய ரிப்போர்ட் சேர்ந்துவிடும்.

அந்தக் காகிதங்கள் பொய் சொல்லவில்லை. இதயம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "ஒண்ணுமில்லை" என்றதுதான் பிழை. அவருக்கு வந்தது பேனிக் அட்டாக் எனப்படும் பீதித் தாக்குதல். அது அடிக்கடி வந்து, ‘மறுபடி எப்போது வருமோ’ என்கிற கவலையிலேயே நாள் கழிந்தால், அது பதற்ற நோய்களில் ஒன்று. மருத்துவப் புத்தகத்தில் தெளிவாக இடம்பெற்ற, சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுகிற நோய்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். ஆபத்து என்று மூளை தப்புக் கணக்குப் போட்டுவிடுகிறது. அட்ரினலின் பாய்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு இரைக்கிறது. தேவைக்கு மேல் மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் நுனியும் உதடும் மரத்துப்போவதும், தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கிவிடும். ஆக்ஸ்ஃபோர்டின் டேவிட் கிளார்க் 1986-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தச் சுழலை விளக்கினார். படபடப்பு எல்லோருக்கும் வருவதுதான். ‘செத்துப்போகப்போகிறேன்’ என்று அதற்கு அர்த்தம் கொடுக்கும் இடத்தில்தான் வில்லங்கம் தொடங்குகிறது. பயம் படபடப்பைக் கூட்டும், படபடப்பு பயத்தைக் கூட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முதல் தடவை நெஞ்சு வலித்தால் ‘பதற்றமாகத்தான் இருக்கும்’ என்று யாரும் வீட்டில் படுத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், இதயத் துடிப்பின் தாளம் தவறினாலும் இதே அறிகுறிகள் வரும். ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சால்புட்டமால் இன்ஹேலர்கூடக் கையை நடுங்க வைக்கும். ஒருமுறை முறையாகச் சோதித்துவிட்டால் போதும். சிக்கல், காரணமே மாறாமல் எடுக்கப்படும் ஐந்தாவது, ஆறாவது ஈசிஜியில்தான் இருக்கிறது. அதை எடுப்பது இதயத்துக்காக இல்லை, நிம்மதிக்காக. அந்த நிம்மதி நாளுக்கு நாள் சீக்கிரமாகக் காலாவதி ஆகிறது.

உலகம் முழுக்க 2019-ல் 30 கோடிக்கும் அதிகமானோர் பதற்ற நோய்களோடு இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. மனநோய்களிலேயே அதிகம் பேருக்கு இருப்பது இதுதான். ஆனால் ஏதோ ஒரு சிகிச்சையாவது கிடைப்பது நான்கில் ஒருவருக்கு. நம் நாட்டு நிலவரம் இன்னும் மோசம். பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் முன்னின்று 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநோய்கள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. அந்தப் பன்னிரண்டில் தமிழ்நாடும் ஒன்று.

வெளியே என்றால் சும்மா இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. தாயத்து கட்டுகிறார்கள். ‘பயந்த கோளாறு’ என்று மந்திரித்துவிட்டு வருகிறார்கள். கேஸ் மாத்திரை போடுகிறார்கள். இதிலெல்லாம் கொஞ்ச நேர ஆறுதல் உண்டு, மறுக்கவில்லை. ஆறுதலை மட்டுமே தின்று இந்த நோய் கொழுக்கும் என்பதுதான் விஷயம்.

மாம்பலம் போகாத மனிதர்

தாம்பரத்தில் குடியிருக்கிறார், மாம்பலத்தில் வேலை என்று ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு நாள் காலை மின்சார ரயில் கிண்டி தாண்டி அடையாற்றுப் பாலத்தில் சிக்னலுக்காக நின்றுவிடுகிறது. நெரிசல், புழுக்கம். திடீரென்று நெஞ்சு அடைக்கிறது. சைதாப்பேட்டையில் இறங்கி ஓடிவிடுகிறார். இறங்கியதும் சரியாகிவிடுகிறது. அவர் மூளை அன்று ஒரு தப்பான பாடத்தைக் கற்றுக்கொண்டது: இறங்கியதால்தான் பிழைத்தோம். மறுநாளிலிருந்து பஸ். பஸ்ஸும் நெரிசல், அதனால் பைக். கொஞ்ச நாளில் பைக்கிலும் மேம்பாலம் ஏறப் பயம். கடைசியில் வீட்டிலிருந்தே வேலை கொடுக்கும் கம்பெனியைத் தேடுகிறார். வெளியே போகவேண்டி வந்தால் மனைவி கூட வரவேண்டும். சட்டைப்பையில் ஒரு அல்ப்ரசோலாம் மாத்திரை, கையில் தண்ணீர் பாட்டில். மாத்திரையை அவர் போடுவதில்லை. ஆனால் அது பையில் இல்லையென்று தெரிந்தால் பாதி வழியில் திரும்பிவிடுவார்.

இந்தப் பாட்டில், மாத்திரை, மனைவி எல்லாவற்றையும் மனநல நிபுணர்கள் பாதுகாப்பு நடத்தைகள் என்கிறார்கள். இவை இருக்கும்வரை ‘எதுவும் ஆகாது’ என்று மூளைக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. ஒன்றும் ஆகாததற்கான பெருமை மாத்திரைக்குப் போய்விடும்.

இதற்குப் பரவலாக நிரூபிக்கப்பட்ட மனச்சிகிச்சை, சுருக்கமாக சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. வாரம் ஒரு முறை, சுமார் 12 முதல் 16 அமர்வுகள். அதன் முதுகெலும்பு, பயப்படும் இடத்தை நோக்கிப் படிப்படியாகப் போவது. தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப்பி 1958-ல் வெளியிட்ட புத்தகம் இதற்கு அடித்தளம் போட்டது. பயத்துக்கு 0 முதல் 100 வரை மார்க் போடும் பழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அவரே.

நம் தாம்பரத்துக்காரருக்கு அந்தப் படிகள் இப்படி இருக்கும். முதலில் பிளாட்பாரத்தில் நின்று இரண்டு வண்டிகளை வேடிக்கை பார்ப்பது: 20 மார்க். பகல் பதினொரு மணிக்குக் காலிப் பெட்டியில், மனைவியோடு சானடோரியம் வரை: 35. தனியாகக் குரோம்பேட்டை: 50. கதவோரம் நிற்காமல் உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்து மீனம்பாக்கம், மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டு: 65. பாலம் தாண்டிச் சைதாப்பேட்டை: 80. காலை ஒன்பது மணி நெரிசலில் கடற்கரை ஸ்டேஷன் வரை: 100. ஒரே படியில் பல நாள் நிற்கலாம், தப்பில்லை. பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடக் கூடாது என்பதுதான் விதி. ஏறுமுன் ஒரு நோட்டில் எழுதவேண்டும்: ‘பல்லாவரம் வருவதற்குள் மயங்கி விழுந்துவிடுவேன்.’ திரும்பி வந்து பக்கத்திலேயே எழுதவேண்டும்: விழுந்தாரா, இல்லையா? கலிஃபோர்னியாவின் மிஷெல் கிராஸ்க் போன்ற ஆய்வாளர்கள் அண்மைக் காலத்தில் அழுத்திச் சொல்வது இதைத்தான். பயம் குறைந்ததா என்பதைவிட, எதிர்பார்த்த விபரீதம் நடக்கவில்லை என்று மூளை பார்த்ததா என்பது முக்கியம்.

உடம்பின் உணர்வுகளுக்கே பயப்படுகிறவர்களுக்கு இன்னொரு பயிற்சி உண்டு. கேட்டால் சிரிப்பு வரும். சிகிச்சையாளர் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து ஒரு நிமிடம் சுற்றிவிடுவார். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜூஸ் ஸ்ட்ராவால் மூச்சுவிடச் சொல்வார். நின்ற இடத்திலேயே ஓடச் சொல்வார். தலை சுற்றும், மூச்சு முட்டும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். பேனிக் அட்டாக்கின் அத்தனை உதிரிப் பாகங்களையும் ஆசாமி தன் கையாலேயே தயாரித்து, அவற்றால் சாவு வராது என்று கண்டுகொள்கிறார். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் என்றால் டாக்டரைக் கேட்டுத்தான் செய்யவேண்டும்.

இவ்வளவு எளிய, மருந்தில்லாத சிகிச்சை நம் ஊரில் ஏன் அரிதாகக் கிடைக்கிறது? ஒரு காரணம் ஆள் பற்றாக்குறை. முறையாகப் பயின்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுகள் பெரிய நகரங்களைத் தாண்டினால் குறைவு. இன்னொரு காரணத்தைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். கவுன்சலர் என்று போர்டு மாட்டிய பலர் கொடுப்பது அறிவுரை. "பாசிட்டிவா இருங்க, எதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்பதற்கு ஒரு மணி நேரக் கட்டணம் வாங்குவது சிகிச்சையில்லை. அதை வீட்டுப் பெரியவர்கள் இலவசமாகவே சொல்லிவிடுவார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். பயப்படும் விஷயங்களைப் படிப்படியாகச் செய்யவைப்பீர்களா, வாராவாரம் வீட்டுப்பாடம் உண்டா என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் இடத்தை மாற்றலாம்.

நிபுணர்தான் வேண்டும் என்பதுமில்லை. கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் நடத்தி 2010-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான மானஸ் ஆய்வில், மருத்துவப் பட்டம் எதுவுமில்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்காரவைத்தார்கள். மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்கள், வழக்கமான கவனிப்பைவிட அரசு நிலையங்களில் இவர்களிடம் கூடுதலாகக் குணமடைந்தார்கள். அது வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இது ஊர் ஊராகப் பரவியிருக்க வேண்டும்.

மாத்திரை: பயமும் பேராசையும்

மருந்து விஷயத்தில் நம் மக்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "மனநல மாத்திரையா? ஆயுசு பூரா சாப்பிடணும், மந்தமாயிடுவோம்" என்று தொடாது. இன்னொரு கட்சி, தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் சீட்டே இல்லாமல் தூக்க மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளும். முதல் கட்சி பயப்படும் மாத்திரை வேறு, இரண்டாம் கட்சி விழுங்கும் மாத்திரை வேறு என்பதுதான் வேடிக்கை.

இன்று முதலில் எழுதப்படுவது எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ வகை. போதை தராது, ஏங்க வைக்காது. ஆனால் பொறுமை வேண்டும். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம். முதல் வாரம் குமட்டலும், சிலருக்குப் படபடப்பே கொஞ்சம் கூடுவதும் உண்டு. அதனால்தான் விவரம் தெரிந்த டாக்டர் பாதி டோஸில் ஆரம்பிப்பார். இதை முன்கூட்டியே சொல்லாத டாக்டரின் நோயாளிகள் நான்காம் நாளே மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். தாம்பத்திய ஆர்வம் குறைவது இதன் இன்னொரு பக்கவிளைவு. வெட்கப்பட்டு யாரும் சொல்வதில்லை. சொன்னால் மருந்தையோ டோஸையோ மாற்ற வழி உண்டு. நன்றாகிய பிறகும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் தொடர்ந்துவிட்டு, மெதுவாகக் குறைத்து நிறுத்துவார்கள். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும், தலைக்குள் சுருக்கென்று மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வரலாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் "அடிக்ட் ஆயிட்டேன்" என்று பலர் அலறுகிறார்கள்.

உண்மையில் அடிமையாக்கக்கூடியது இரண்டாம் கட்சியின் மாத்திரை. 1960-ல் குளோர்டயசிபாக்சைடு, 1963-ல் வேலியம் என்ற பெயரில் டயசிபாம் என்று ஆரம்பித்த குடும்பம் அது. லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. அல்ப்ரசோலாம், குளோனசிபாம், லோராசிபாம் எல்லாம் அதன் வாரிசுகள். அரை மணி, ஒரு மணி நேரத்தில் அமைதி. கடுமையான நாட்களில் சில வாரத்துக்கு டாக்டர் கொடுத்தால் நியாயம். மாதக்கணக்கில் போனால் அதே அமைதிக்கு இன்னும் கூடுதல் மாத்திரை கேட்கும். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். வயதானவர்கள் இரவில் பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வதற்கும் இது ஒரு காரணம். சட்டப்படி அல்ப்ரசோலாம், டயசிபாம் போன்றவை எச்1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும். வருடக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்ததும் இன்றே தூக்கிப் போட்டுவிட வேண்டாம். டாக்டரின் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேண்டும்.

மேடை நடுக்கத்துக்கு புரொப்ரனலால் கொடுப்பதும் உண்டு. ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆகவே ஆகாது.

மாத்திரையா, சிபிடியா என்று கேட்டால், லேசான, நடுத்தரப் பதற்றத்துக்கு எது கிடைக்கிறதோ, எதில் உங்களுக்கு மனம் ஒப்புகிறதோ, அதில் ஆரம்பிக்கலாம். ராத்தூக்கம் போய், வேலைக்கே போக முடியாத நிலையில் இருப்பவரைப் படியேறச் சொல்வதில் அர்த்தமில்லை. மாத்திரையோடு ஆரம்பித்துவிட்டு ஏறலாம். மருந்து நின்ற பிறகும் கூட நிற்பது கற்றுக்கொண்ட பாடம் என்பதால் என் ஓட்டு சிபிடிக்கு.

திங்கட்கிழமை வயிற்றுவலி

குழந்தைகளிடம் பதற்றம் பதற்றமாக வராது. ஞாயிறு ராத்திரி வயிற்றைப் பிசையும், திங்கட்கிழமை காலை வாந்தி வரும். லீவு என்றால் பத்து மணிக்கெல்லாம் சரியாகி டிவி முன் உட்கார்ந்திருக்கும். ‘நடிக்கிறான்’ என்று அப்பா அடிப்பார். ‘புள்ளை பாவம்’ என்று அம்மா லெட்டர் எழுதிக் கொடுப்பார். வலி நிஜம், அதனால் அடி தப்பு. லீவு பயத்தை வளர்க்கும், அதனால் லெட்டரும் தப்பு. டீச்சரிடம் தானே பேசப் பயப்படும் பிள்ளைக்காக அம்மா பேசுவது, இருட்டுக்குப் பயந்த பத்து வயதுப் பையன் இன்னும் அப்பா அம்மாவுக்கு நடுவில் படுப்பது, "அம்மா, நீ செத்துப்போக மாட்டல்ல?" என்று தினம் பலமுறை கேட்பதற்குப் பலமுறையும் பதில் சொல்வது எல்லாம் அன்புதான். தாம்பரத்துக்காரரின் சட்டைப்பை மாத்திரை செய்யும் வேலையைத்தான் இந்த அன்பும் செய்கிறது.

யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் குழு இதில் துணிச்சலாக ஒன்று செய்தது. பதற்றமுள்ள பிள்ளைகளைச் சிகிச்சை அறைக்கே கூப்பிடாமல், பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். 124 பிள்ளைகளின் குடும்பங்களோடு நடந்த ஆய்வில், பிள்ளைக்கு நேரடியாக சிபிடி கொடுத்ததற்கு இது சளைக்கவில்லை என்று தெரிந்தது. பெற்றோர் கற்றது இரண்டு விஷயம். ஒன்று, "உனக்குக் கஷ்டமா இருக்குன்னு புரியுது; உன்னால தாங்க முடியும்னும் எனக்குத் தெரியும்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது. இன்னொன்று, செய்துகொடுத்துக்கொண்டிருக்கும் சலுகையை முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகக் குறைப்பது. அப்பா கண்டிப்பு, அம்மா செல்லம் என்று வேலையைப் பிரித்துக்கொண்ட நம் வீடுகளில் இரண்டும் ஒரே வாயிலிருந்து வருவது கொஞ்சம் பழகவேண்டிய காரியம்தான். தாத்தா பாட்டியையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசாவிட்டால் திட்டம் இரண்டு நாள்கூடத் தாங்காது.

யோகா, காபி, கட்டிங்

யோகா செய்தால் போதாதா? கொஞ்சம் உதவும். 2020-ல் ‘ஜாமா சைக்கியாட்ரி’யில் வந்த ஓர் ஆய்வில், பொதுவான பதற்ற நோய் உள்ள 226 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். குண்டலினி யோகா செய்தவர்களில் சுமார் 54 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், மன அழுத்தம் பற்றி வகுப்பு மட்டும் கேட்டவர்களில் 33, சிபிடியில் 71. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் சிபிடியின் பலன் நின்றது. யோகாவின் கூடுதல் பலன் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. தியானத்துக்கு இன்னும் நல்ல செய்தி உண்டு. 2022-ல் அதே இதழில் வந்த ஆய்வில், எட்டு வார மனக்கவனத் தியானப் பயிற்சி எஸ்சிட்டலோபிராமுக்குச் சமமாக நின்றது. ஆனால் அது வாரா வாரம் வகுப்பு, தினமும் முக்கால் மணி நேரப் பயிற்சி. செல்போன் ஆப்பில் ஐந்து நிமிடம் கண்ணை மூடுவதோடு இதைச் சேர்க்கக் கூடாது.

தாக்குதல் வரும் நேரத்தில் ஆழமாக மூச்சை இழு என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வார்கள். ஏற்கெனவே அதிகமாக இழுப்பவரை இன்னும் இழுக்கச் சொன்னால் மரமரப்பு கூடத்தான் செய்யும். வெளியே விடுவதை நீளமாக்குவதே வழி: நாலு எண்ணி மூக்கால் இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுவது. இதையும் ‘இது இல்லாவிட்டால் செத்தேன்’ என்கிற தாயத்தாக மாற்றிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் ஃபில்டர் காபி குடித்துவிட்டு நெஞ்சு அடிக்கிறது என்பவர்கள் முதலில் காபியைப் பாதியாக்கிப் பார்க்கலாம். ராத்திரி ஒரு கட்டிங் போட்டால் பதற்றம் அடங்குகிறது என்பவர்களுக்கும் ஒரு தகவல். அடங்குவது ராத்திரிதான். போதை இறங்கும் விடியற்காலையில் நரம்புகள் வட்டியோடு வசூலிக்கும். அடுத்த நாள் கட்டிங் குவார்ட்டராகும். டாஸ்மாக் வரிசையில் நிற்பவர்களில் சிலர் உண்மையில் பதற்றத்துக்கு மருந்து வாங்கத்தான் நிற்கிறார்கள்.

நாள் முழுக்கக் கவலைப்படுகிறவர்களுக்கு மனநல மருத்துவர்கள் சொல்லும் ஒரு தந்திரம் நன்றாக எடுபடுகிறது. சாயங்காலம் ஆறிலிருந்து ஆறரை என்று கவலைக்கு நேரம் ஒதுக்குவது. பகலில் எந்தக் கவலை வந்தாலும் ஒரு வரி எழுதிவைத்துவிட்டு, ஆறு மணிக்கு உட்கார்ந்து மனதாரக் கவலைப்படலாம். பாதிக்கு மேல் அதற்குள் செல்லாத நோட்டாகியிருக்கும். படுக்கையில் மட்டும் இதைச் செய்யக் கூடாது.

எங்கே போவது?

சென்னைக்காரர்கள் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். சினிமா காமெடிக்கு இதில் பெரிய பங்கு. 1794-ல் தொடங்கிய வரலாறு கொண்ட கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தை வழிநடத்தியவர்களில் ஒருவர் டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். இன்று அங்கே புறநோயாளிகளாக வந்து மருந்து வாங்கிக்கொண்டு ஆபீஸ் போகிறவர்கள் ஏராளம். அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது நாட்டிலேயே முதல் சில மாவட்டங்களில் ஒன்று திருச்சி. இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு, மாத்திரை இலவசம். 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசுகிறது. சாகத் தோன்றுகிறது என்கிற அளவுக்குப் போனவர்கள் காத்திருக்காமல் அன்றைக்கே கூப்பிடவேண்டும், அல்லது பக்கத்து கேஷுவால்டிக்குப் போகவேண்டும்.

தனியாரிடம் போகிறவர்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்குத் தரும் காப்பீட்டை மனநோய்க்கும் தரவேண்டும் என்று சொல்கிறது. ஆனால் பல பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். பதற்றத்துக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது புறநோயாளிச் சிகிச்சை. அந்த வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

முதல் முறை டாக்டரைப் பார்க்கும்போது தைராய்டு ரிப்போர்ட்டை எடுத்துப் போங்கள். உள்ளே போகும் எல்லாவற்றையும் சொல்லுங்கள்: சித்தா லேகியம், ஆன்லைனில் வாங்கிய பவுடர், மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிய அந்தத் தூக்க மாத்திரை, குடிப்பழக்கம் உட்பட. டாக்டர் திட்டுவாரோ என்று கடைசி இரண்டையும் மறைப்பவர்களே அதிகம். அந்த இரண்டும் தெரியாமல் அவர் எழுதும் சீட்டு அரைகுறைச் சீட்டாகத்தான் இருக்கும்.